ஓர் அணாவில் தொடங்கிய கணக்கு

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு சின்னத் தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்கலாம், ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம் அது. மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அவர் சொன்ன காரணமும் எளிமையானதுதான். அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏழைகள், பசியினால் பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கை குறைகிறது.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23இல் ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பேர் படித்தார்கள். 1924-25இல் அந்த எண்ணிக்கை 1,671. இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! இதற்கு மேல் ஒரு திட்டத்துக்கு என்ன நற்சான்றிதழ் வேண்டும்? ஆனால் 1925 ஏப்ரல் 1ஆம் தேதி சாப்பாடு நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. கல்விக்கு ஒதுக்கிய பணத்தைக் கல்விக்குத்தான் செலவழிக்க வேண்டும், சோறு கல்வியில் சேராது என்பது தணிக்கைக் கணக்கின் தர்க்கம். அதே மாதக் கடைசியில் தியாகராயரும் காலமானார்.

தமிழ்நாட்டின் மதிய உணவு வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் காமராஜரில் தொடங்கி எம்.ஜி.ஆரில் உச்சம் காட்டி முடிப்பார்கள். யார் நல்ல மனசுக்காரர் என்ற பட்டிமன்றமாக அது ஆகிவிடுகிறது. 1925இல் நடந்ததைக் கவனித்தால் வேறு ஒரு விஷயம் தெரியும். மனசு இருந்தது, பலன் கண்ணெதிரே இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது. இல்லாமல் போனது பட்ஜெட்டில் ஒரு தலைப்பு. எந்தச் செலவு எந்தக் கணக்கில் வரும், அதற்குப் பின்னால் எந்த வரி நிற்கிறது என்பதில்தான் அடுத்த நூறு வருடச் சண்டையும் நடந்தது.

சரி, வரிக்கு வருவோம்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. நிதித்துறையும் அவரிடமே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாண வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு கள், சாராய வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாவட்டமாக மதுவிலக்கு விரியும்போதும் கஜானாவில் ஒரு ஓட்டை விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருளுக்குமான விற்பனை வரி என்று இந்தியாவில் முதலில் வந்தது இதுதான். பெரிய வியாபாரிகளுக்கு விற்றுமுதலில் அரை சதவீதம். வியாபாரிகள் கொதித்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள்.

விற்பனை வரி ஏழையின் தலையிலும் விழும் வரி என்பது உண்மை. உப்பு வாங்குகிறவனும் நகை வாங்குகிறவனும் ஒரே விகிதத்தில் கொடுத்தால் அதைச் சமத்துவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சாராயத்தை நம்பிய கஜானாவை வியாபாரத்தை நம்பிய கஜானாவாக மாற்றியது சாதாரண காரியமல்ல. ராஜாஜியை எந்த விஷயத்திலும் பாராட்ட விரும்பாதவர்கள்கூட இதற்கு ஒரு மதிப்பெண் போட்டுத்தான் ஆகவேண்டும். 1939 அக்டோபரில் அவர் ஆட்சி போனது. பிறகு கள்ளுக்கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. பின்னால் வந்த எல்லா ஆட்சிகளும் நின்றது அதன் மேல்தான்.

அதே ராஜாஜி 1952இல் மீண்டும் முதலமைச்சரானபோது நேர் எதிரான ஒரு கணக்கைப் போட்டார். 14 வயது வரை எல்லாருக்கும் கட்டாயக் கல்வியை பத்து ஆண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. பள்ளிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது, பணம் போதவே போதாது. 1953இல் அவர் கொண்டுவந்த தீர்வு இதுதான்: கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு வேளையாக நடத்துவது. அதே கட்டிடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருந்து அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்.

காகிதத்தில் பார்த்தால் கணக்கு கச்சிதம்! ஆனால் செருப்புத் தைப்பவர் மகனுக்கு அப்பாவின் தொழில் என்பது என்ன? சலவைத் தொழிலாளி மகளுக்கு? 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியார் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அது பொருத்தமாக இருந்ததுதான். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. காங்கிரசுக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு. 1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டசபையில் ஓட்டுக்கு வந்தபோது ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகரின் ஓட்டால்தான் அரசு தப்பியது. அடுத்த ஏப்ரலில் ராஜாஜி போய் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் ரத்து. அதை அறிவித்தவர் நிதியையும் கல்வியையும் பார்த்துக்கொண்ட சி. சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையிலும் நிதி அமைச்சராக இருந்தவர் அவரே என்பது வேடிக்கை.

ஆக, பற்றாக்குறை அப்படியேதான் இருந்தது. நிதி அமைச்சர்கூட மாறவில்லை. மாறியது பற்றாக்குறையை யார் தலையில் கட்டுவது என்ற முடிவு.

காமராஜர் ஆட்சியில் மதிய உணவு 1956இல் தொடங்கியது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார்கள். மாடு மேய்க்கும் பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், சோறு போடுவீர்களா என்று பையன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. மேடைக்கு மேடை அந்தப் பையன் ஊர் மாறுவான், சில சமயம் மாடு ஆடாகும். கதை எப்படியோ போகட்டும், கணக்கைப் பார்க்கலாம். அதிகாரிகள் தரப்பில் பணம் இல்லை என்ற பதில்தான் வந்தது. எனவே முதலில் ஊர் மக்களிடம் அரிசி, பருப்பு, விறகு என்று நன்கொடை வாங்கித்தான் நடந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். அடுத்து அரசு தன் பங்கைப் போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 புதுக் காசு. அதில் 6 காசு அரசு, 4 காசு ஊர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறேகால் காசு. 1920இல் தியாகராயர் கேட்டதும் 1957இல் அரசு கொடுத்ததும் கிட்டத்தட்ட ஒரே தொகை! நடுவில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது என்பதால் இதைத் தாராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை அந்த ஆறு காசு பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. மறுபடி அதை வெளியே எடுக்க யாராலும் முடியவில்லை.

ஊர்ப் பங்கில் ஒரு சிக்கலும் இருந்தது. வசதியான ஊரில் நன்கொடை சேரும், வறண்ட ஊரில் சேராது. எந்த ஊர்ப் பிள்ளைக்கு அதிகம் பசிக்குமோ அந்த ஊரில்தான் அந்த 4 காசு வராது. தர்மத்தில் நடக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் கோளாறு இருக்கும். 1961 முதல் கேர் அமைப்பு மூலம் வந்த வெளிநாட்டு உணவுப் பொருட்கள் கொஞ்சம் தாங்கிப் பிடித்தன.

1967இல் பசி நேரடியாகவே தேர்தலில் நின்றது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஆட்சிக்கு வந்த அண்ணா மே 15ஆம் தேதி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். மாநிலம் முழுக்க விரிக்க கஜானா இடம் தரவில்லை. மத்திய அரசிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. மாநில அரசு ஏழைக்கு வாக்குக் கொடுக்கிறது, பெரிய வரிகள் எல்லாம் டில்லியில் இருக்கின்றன. மாநில சுயாட்சி என்ற முழக்கத்துக்கு மொழி ஒரு கால் என்றால் இந்த அரிசிக் கணக்கு இன்னொரு கால். இரண்டாவது காலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1971இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தள்ளி வைத்தது, பிறகு அவரே கடைகளை மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். மீண்டும் திறந்தார். அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் சத்துணவு.

1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை, செப்டம்பரில் நகரங்களிலும், 1984இல் 15 வயது வரை. ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அன்றைய நிலையில் ஒரு மாநில அரசுக்கு அது மலைக்க வைக்கும் தொகை. ஓட்டுக்காகச் செய்கிறார் என்றார்கள். பிள்ளைகளைத் தட்டேந்த வைக்கிறார் என்றார்கள். அணை கட்டலாம், தொழிற்சாலை கட்டலாம், இப்படிக் கரைக்கலாமா என்று கேட்டார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் உண்மையிலேயே கனமானது. ஏன் எல்லாருக்கும்?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மாற்றுத் திட்டமே இருந்தது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தென் மாவட்டங்களில் தொடங்கியிருந்தது. அதன் முறை வேறு. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பது, தேறியதும் நிறுத்துவது. மருத்துவ ரீதியில் இது புத்திசாலித்தனமான முறை. மூன்று வயதுக்குள் ஏற்படும் சத்துக்குறைவுதான் அதிகம் பாதிக்கும். கடுமையான சத்துக்குறைவு குறையவும் செய்தது. அதைக் கேலி செய்யும் முற்போக்காளர்கள் அந்த எடைத் தராசின் பயனைப் படிக்காதவர்கள்.

ஆனாலும் சத்துணவு வேறு ஒன்றைச் செய்தது. யாருக்குத் தகுதி என்று முடிவு செய்யும் ஆளை அது நீக்கிவிட்டது. மனு இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை, தலையாரி கையெழுத்து இல்லை. பள்ளிக்கு வந்தால் சோறு. ஏழைக்கு மட்டும் என்று போட்டிருந்தால் யார் ஏழை என்ற பட்டியலை ஊர்ப் பெரிய மனிதர்தான் எழுதியிருப்பார், அதில் யார் பெயர் விட்டுப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். அதோடு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒரு மையத்துக்கு மூன்று பெண்களுக்கு வேலை. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை.

எல்லாருக்கும் போகும் திட்டத்தை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வெட்ட முடியாது என்பதும் பிறகு தெரிந்தது. 1989இல் கருணாநிதி ஆட்சிக்கு வந்து அதில் முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998இல் வாரம் ஒன்று. 2010இல் வாரத்துக்கு ஐந்து. இரண்டு கட்சிகளும் நாட்டில் எதற்கெல்லாமோ போட்டி போட்டன, பிள்ளைகள் தட்டில் போட்ட போட்டி மட்டும் பயனுள்ளதாக முடிந்தது. 1995இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் பல மாநிலங்களில் மாதம் 3 கிலோ தானியத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதாகவே இருந்தது. 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவையே தரவேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 300 கலோரி என்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டில் அதற்கு ஏற்கனவே இருபது வருட அனுபவம் இருந்தது.

இதுவரை பெருமை. இப்போது கசப்பான பக்கம்.

பணம் எங்கிருந்து வந்தது? 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. 1937இல் ராஜாஜி அறுத்த கயிற்றை மாநிலம் தன் கழுத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது. 2023-24இல் மது மூலம் வந்த வரி 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மதுக்கடைகளில் அதிகம் நிற்பவர்கள் தினக்கூலிகள். சத்துணவுப் பந்தியில் உட்காருபவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். அப்பன் குடித்த குவார்ட்டரில் பிள்ளைக்கு முட்டை என்றால் பணக்காரரிடமிருந்து ஏழைக்கு என்ன போய்ச் சேர்ந்தது? ஒரே வீட்டுக்குள் பணம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அதுவும் நடுவில் ஒரு அம்மா அடி வாங்கிய பிறகு.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் நிலைமை இன்னும் இறுகியது. 1939இல் தொடங்கிய விற்பனை வரி அதிகாரத்தில் பெரும்பகுதி கவுன்சிலுக்குப் போய்விட்டது. மாநிலம் தானே கூட்டிக் குறைக்கக் கூடியதாக மீதி இருப்பவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகனம், மின்சாரம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மதுவை நிறுத்து என்று மேடையில் பேசுவது சுலபம். 1937இல் மாற்று வரி போட ஒரு சட்டப் பிரிவு கையில் இருந்தது, இப்போது அதில் ஒரு துண்டுதான் மிச்சம்.

2021 ஆகஸ்டில் நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார். அந்த எண் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. இலவசங்களால்தான் இந்தக் கதி என்ற பேச்சும் உடனே கிளம்பியது. அறிக்கையைப் புரட்டினால் மாநிலத்தின் சொந்த வரி வருமானம் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப ஏறாமல் விழுந்ததும், மின்வாரியத்தின் நஷ்டமும்தான் பெரிதாக நிற்கும். வசூலிக்காமல் விட்ட வரியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை மிட்டாய்க் கலாச்சாரம் என்றார், ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தில் இலவசங்கள் பற்றிய வழக்கு சூடாக நடந்தது. அடுத்த மாதம் 15ஆம் தேதி மதுரையில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகள், 33.56 கோடி ரூபாய். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது செலவு 404 கோடி. மது வருமானத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் உப்புமாவும் பொங்கலும்தான் 'சுமை' என்று பெயர் வாங்கின. பெருநிறுவனங்களுக்குத் தரும் வரிச்சலுகைக்கு மட்டும் எப்போதும் 'ஊக்கத்தொகை' என்று பெயர். மாநிலத் திட்டக்குழு பார்த்தபோது பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. 1922-25 ஆயிரம் விளக்குக் கதைதான் மறுபடியும்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்று ஒரு கிராமம். 2023 செப்டம்பரில் அங்கே காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்த செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி. கனிமொழியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1956இல் திட்டம் தொடங்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், 67 வருடம் கழித்து! பட்ஜெட்டில் சமையலுக்குத் தலைப்பு உண்டு, சமைப்பவரின் மரியாதைக்கு இல்லை.

அவருடைய கூலிக்கும் சரியான தலைப்பு இல்லை. சத்துணவுப் பணியாளர்கள் முழுநேர அரசு ஊழியர்கள் அல்ல. சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒரு தனி வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம் என்று வைத்தார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு மறியல் செய்து, கைதாகி, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, மாலையில் விடுதலையாகி வீட்டுக்குப் போவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாக் கட்சியும் அந்த மண்டபத்துக்கு வந்து ஆதரவு சொல்லும். தேர்தல் அறிக்கையிலும் எழுதும். காலை உணவில் அந்தத் தனி வரிசைகூட இல்லை, வேலை மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் போனது. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று. தாய் சமைத்தால் ருசியும் சுத்தமும் இருக்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அதன்படி அவருடைய பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்கு வேறு பள்ளி போகும்போது அவருடைய வேலையும் முடிகிறது.